பல்லாவரத்துத் தமிழ்முனிவரும் அவர் படைத்த மாந்தரும்

சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கற்பட்டுக்குச் செல்லும் மின்தொடர் வண்டித் தடத்தில் மூன்று நிலையங்கள் ஒரு தமிழறிஞரின் வாழ்வோடு தொடர்புடையவை. முதலாவது பல்லாவரம். 1911 முதல் 1950 வரை, 39 ஆண்டுகள் அவர் அவ்வூரில் வாழ்ந்தார். இரண்டாவது தாம்பரம். அவர் 13 ஆண்டுகள் தமிழ் கற்பித்த கிறித்துவக் கல்லூரி, அவர் அதனை விட்டு விலகி 26 ஆண்டுகள் கழிந்தபின், 1937இல் இங்கு இடம் பெயர்ந்தது. மூன்றாவது மறைமலைநகர். அவர் மறைந்து பல ஆண்டுகள் சென்றபின் எழுந்த அந்நகர் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இத்தடத்தில் நாள்தோறும் சென்று வருகின்ற நாம் அப்பெயரை நிலையப் பலகையில் படிக்கின்றோம். படித்துவிட்டு அடுத்த நிலையத்தை எதிர்நோக்கி அமர்ந்து விடுகின்றோம். பத்தாண்டு நிறைவெய்தும் நம் இலக்கிய வட்டத்தின் மலரில், நம் ஊர்களுக்கு உரியவராகிய மறைமலையடிகளாரைப் பற்றி எழுதுவது நம் கடமைகளுள் ஒன்று எனக் கருதுகின்றேன்.

அடிகளாரைத் தனித்தமிழ் இயக்கத்தின் தந்தை என்று தமிழுலகம் அறியும். சைவ சித்தாந்தப் பேரறிஞர் என்றும் அறியும். இலக்கிய மாந்தரைப் பற்றி ஆழ எண்ணியவர், தாமும் மாந்தரைப் படைத்தவர் என்பதை அறிந்தோர் குறைவு. அவர் வாழ்க்கையை இந்தக் கோணத்திலிருந்து காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வகுப்பறையில் எழுந்த வினா

இந்நோக்கம் எனக்கு நூலகத்தில் தோன்றியதன்று, வகுப்பறையில் தோன்றியது. பாத்திரப் படைப்பு என்னும் பகுதியைப் பல ஆண்டுகள் நான் ஒரே முறையில் கற்பித்து வந்தேன். ஒரு காப்பிய மாந்தரின் பெயரைத் தலைப்பாக இட்டு, அன்புடைமை, அடக்கம், வீரம், கொடை என்று பண்புகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஓரடியைச் சான்றாகக் காட்டுவேன். மாணவியரும் அவ்வாறே எழுதி மதிப்பெண் பெறுவர்.

ஒருமுறை முல்லைப்பாட்டு நடத்திக் கொண்டிருந்தபோது, தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்திருந்த மாணவி ஒருத்தி எழுந்து, இப்பாட்டில் வரும் அரசிக்கும் அரசனுக்கும் பெயரே இல்லையே, பெயரில்லாதவர்களுக்குப் பண்புநலன் எழுதுவது எப்படி என்று வினவினாள். அகப்பாட்டில் தலைமக்கள் பெயர் சுட்டப்பெறுதல் மரபன்று என்னும் இலக்கண விடையைச் சொல்லி அமர்த்தினேன். விடை சரியானதே. ஆயினும் அவள் வினவியது மரபைப் பற்றியன்று என்பதை அன்று மாலை வீடு திரும்பும் வழியில்தான் உணர்ந்தேன். ஒரு மாந்தரின் வழியாக ஒரு பாட்டு எதனைச் சொல்கிறது என்பதே அவள் கேட்டது. அவ்வினாவுக்கு விடை தேடிச் சென்றபோது, அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன் அதே பாட்டை எடுத்து ஆராய்ந்த ஓர் இளம் தமிழாசிரியர் எதிர்ப்பட்டார். அவரே பின்னாளில் மறைமலையடிகள் ஆனவர்.

நாகையில் இளமை

நாகப்பட்டினத்தை அடுத்த காடம்பாடியில் 1876ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15ஆம் நாள் சொக்கநாத பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். நெடுநாள் மகப்பேறின்றித் திருக்கழுக்குன்றத்து இறைவனை வேண்டிப் பெற்ற பிள்ளையாதலின், அம்மலையின் பெயரால் வேதாசலம் என்று பெயரிட்டனர். சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். நாகையிலிருந்த வெசுலி மிசன் பள்ளியில் தொடங்கிய கல்வி இடையிலேயே நின்றது. பட்டம் எதுவும் அவர் பெறவில்லை.

ஆனால் நாகையில் புத்தகக் கடை வைத்திருந்த நாராயணசாமி பிள்ளை என்னும் தமிழறிஞர் அவருக்கு ஆசானாக வாய்த்தார். கடையில் விற்பனைக்கு வந்த நூல்களே அம்மாணவரின் பாடநூல்கள் ஆயின. மனோன்மணீயம் இயற்றிய பேராசிரியர் சுந்தரம் பிள்ளையும் அவ்வாசானிடம் பயின்றவரே. ஓராசிரியரின் மாணவர் என்னும் அவ்வுறவால் வேதாசலம் 1895இல் திருவனந்தபுரம் சென்று சுந்தரம் பிள்ளையைக் கண்டார். தமிழில் படிப்பதற்கென்றே ஒரு பெரிய செய்யுள் நாடகம் 1891இல் வெளிவந்திருந்த காலம் அது. மேலைநாட்டு நாடக அமைப்பில் தமிழ் மாந்தரை உலவவிட்ட ஒருவரை, நாடகத்தின்பால் நாட்டங்கொண்ட இளைஞர் ஒருவர் நேரிற் கண்டதை, பின்வந்த செயல்களை நோக்கும்போது, சிறிய நிகழ்ச்சியாகக் கொள்ள இயலவில்லை. அதற்கு முன்பே 17ஆம் வயதில் அவருக்குச் சௌந்தரவல்லி அம்மையாருடன் திருமணம் நிகழ்ந்திருந்தது. சிறிது காலம் திருவனந்தபுரத்தில் ஆசிரியப் பணியும், பின்னர் 1897இல் சென்னையில் சித்தாந்த தீபிகை இதழில் நல்லசாமிப் பிள்ளையுடன் பணியும் ஆற்றினார்.

கிறித்துவக் கல்லூரியில்

1898ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அப்போது அக்கல்லூரி உயர்நீதிமன்றத்திற்கு எதிரே, நகரின் நெருக்கடிக்கு நடுவே இருந்தது. பட்டம் பெறாத 21 வயது இளைஞரைத் தேர்ந்து ஏற்றவர் அங்குத் தலைமைத் தமிழாசிரியராக இருந்த வி.கோ. சூரியநாராயண சாத்திரியார். பரிதிமாற்கலைஞர் என்று தம் பெயரைத் தமிழாக்கிக் கொண்டவர் அவரே. ரூபாவதி, கலாவதி, மானவிசயம் என்னும் நாடகங்களை இயற்றியதோடு நாடகவியல் என்னும் இலக்கண நூலையும் யாத்தவர். 33 வயதில், 1903இல், அவர் மறைந்தது தமிழுக்கு நேர்ந்த பேரிழப்பு.

அதே கல்லூரியின் முதல்வராக நெடுங்காலம் விளங்கிய வில்லியம் மில்லர், சேக்சுபியரின் துன்பியல் நாடகங்களைப் பற்றி 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொடர்ந்து நூல்கள் எழுதி வெளியிட்டார். மாக்பெத்தில் உயிர்களின் அழிவு, ஆம்லெத்தில் வாழ்வின் வீணடிப்பு, ஒதெல்லோவில் பண்பின் சரிவு என்று ஒவ்வொரு நாடகத்தையும் ஒரு கருத்துக்கு உரியதாகக் கொண்டு, அக்கருத்து மாந்தரின் இயல்பிலிருந்து எவ்வாறு விளைகிறது என்று காட்டுவது அந்நூல்களின் போக்கு. இலியர் அரசனின் கதையை இந்திய அரசியலோடு பொருத்திக் காட்டவும் அவர் தயங்கவில்லை. மாந்தரை ஆராய்வது வாழ்வின் பெரிய வினாக்களை ஆராய்வதற்கு ஒரு வழி என்னும் நோக்கு, இலண்டனிலிருந்து நூல்வழி வந்து சேர்வதற்கு முன்பே, அக்கல்லூரியின் முதல்வர் எழுத்தில் வாழ்ந்து கொண்டிருந்தது. நாடக இலக்கணம் வகுத்த சாத்திரியார், நாடக மாந்தரை ஆராய்ந்த மில்லர், பழம்பாட்டைப் புதுக்கண் கொண்டு நோக்கிய வேதாசலம் ஆகிய மூவரும் ஒரே காலத்தில் ஒரே நிறுவனத்தில் பணியாற்றினர். யார் யாருக்கு எதனை அளித்தார் என்று அறுதியிட்டுக் கூறுதல் ஆகாது. எனினும் அக்காலச் சூழலின் காற்று அதுவே எனலாம்.

முல்லைப்பாட்டு: பெயரில்லா இருவர்

முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரை 1903இல் வெளிவந்தது. பத்துப்பாட்டுள் மிகச் சிறியதாகிய 103 அடிகள் கொண்ட ஒரு பாட்டை எடுத்துக் கொண்டு, பாட்டு என்றால் என்ன, அது இயற்கையை எவ்வாறு காட்டுகிறது, புலவரின் நோக்கம் யாது என்றெல்லாம் வினவி விடை காண முயன்ற நூல் அது. பழைய உரைகளின் வழியே சொற்பொருள் காண்பதே தமிழ்க்கல்வி என்றிருந்த காலத்தில் இது புதுமை. மூன்றாண்டுகள் கழித்துப் பட்டினப்பாலைக்கும் அவ்வாறே ஆராய்ச்சியுரை வகுத்தார்.

அந்நூலில் அவர் எடுத்துக்கொண்ட பெரிய வழக்கு நச்சினார்க்கினியரோடு நிகழ்ந்தது. உச்சிமேற்கொள்ளத்தக்க அவ்வுரையாசிரியர், பாட்டின் அடிகளை முன்பின்னாக மாட்டிப் பொருள் கொண்டார். இளைஞராகிய வேதாசலம் அதனை ஏற்கவில்லை. புலவர் அமைத்த வரிசையிலேயே பொருள் செல்ல வேண்டும் என வாதிட்டார். இதனை உரைமுறை பற்றிய கருத்து வேறுபாடு என்று கூறிக் கடந்துவிடுவதே வழக்கம். மாந்தரை நோக்கிப் படிக்கும்போது இதன் பயன் வேறாகத் தோன்றுகிறது.

பாட்டின் போக்கை நினைவு கூர்வோம். கார்காலத்து மாலை, மழை பெய்கிறது. முதுபெண்டிர் ஊர்ப்புறத்தே சென்று நெல்லும் முல்லையும் தூவி நற்சொல் கேட்டு நிற்கின்றனர். குளிரால் தோளைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஆய்மகள் ஒருத்தி, தாய்ப்பசுவைக் காணாது வருந்தும் கன்றுக்கு, உன் தாய் இப்போது வந்துவிடுவாள் என்று ஆறுதல் கூறுகிறாள். அச்சொல்லை நல்ல அறிகுறியாகக் கொண்டு அரசிக்கு உரைக்கின்றனர். அரசி தேறவில்லை. பின்னர்ப் பாட்டு காட்டுக்குச் செல்கிறது. பாசறையில் யானைகள், வாள் கட்டி விளக்கேற்றும் மகளிர், நாழிகைக் கணக்கர், யவனக் காவலர், இவர்கள் நடுவே உறங்காத அரசன். அவன் நெஞ்சில் இருப்பவை புண்பட்ட யானைகள், மாண்ட வீரர், அம்பு பாய்ந்து உணவு கொள்ளாத குதிரைகள். இங்கே மனைவி தூங்கவில்லை. அங்கே கணவன் தூங்கவில்லை. இறுதியில் மாளிகைக் கூரையிலிருந்து மழைநீர் விழும் ஓசையோடு படை திரும்பும் ஓசையும் அவள் காதில் விழுகிறது.

வரிசை மாறாமல் படிக்கும்போது, ஒரு விழிப்பிலிருந்து இன்னொரு விழிப்புக்குப் பாட்டு நடந்து செல்வதைக் காண்கின்றோம். அடிகளை மாட்டிப் பொருள் கொண்டால் செய்திகள் ஒழுங்குபடும். அந்த நடை மறைந்து விடும். முல்லையின் உரிப்பொருள் இருத்தல் என்று தொல்காப்பியம் கூறும். இன்றைய திறனாய்வாளர் மையக்கருத்து என்று சொல்வதற்கு நம் மரபில் மிக நெருங்கிய சொல் உரிப்பொருள் என்பதே. இருத்தல் என்றால் பொறுமையோடு அமர்ந்திருத்தல் என்று உரைத்து விடுகின்றோம். இப்பாட்டு அதனை இரு மாந்தர் வாயிலாக ஆராய்கிறது. அரசிக்கு அது அஞ்சுதல். அரசனுக்கு அது தன்னால் விளைந்த புண்களை எண்ணுதல். கன்றுக்கு ஆறுதல் கூறும் ஆய்மகளுக்கும் ஒரு காத்திருத்தல் உண்டு. பெயரில்லாமையால் இவர்கள் குறைந்துவிடவில்லை. போருக்குக் கணவனை அனுப்பிய எந்தப் பெண்ணும் அவ்வரசியின் இடத்தில் நிற்கலாம். அன்று என் மாணவிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடை இது.

சாகுந்தலம்

கல்லூரியில் இருந்த காலத்திலேயே வடமொழியை முறையாகக் கற்றுக் காளிதாசரின் சாகுந்தலத்தைத் தமிழாக்கி 1907இல் வெளியிட்டார். பின்னர் 1934இல் சாகுந்தல நாடக ஆராய்ச்சி என்னும் நூலை எழுதினார். தனித்தமிழ் இயக்கம் தோன்றிப் பதினெட்டு ஆண்டுகள் கழிந்தபின், வடமொழி நாடகம் ஒன்றின் நயத்தை அவர் விரிவாக ஆராய்ந்தார் என்பதை, அடிகளாரை வடமொழிப் பகைவர் என்று மட்டும் எண்ணுவோர் கருதிப் பார்க்க வேண்டும். மொழிக்கலப்பை வெறுத்தவர், பிறமொழியின் கலைச்சிறப்பை வெறுக்கவில்லை.

நாடகத்தின் இன்பம் அதன் கதையில் மட்டும் இல்லை. மாந்தரின் இயல்பு நிகழ்ச்சிகளோடு பொருந்தி வளர்வதிலும் உள்ளது என்பது அவர் ஆராய்ச்சியின் அடிப்படைகளுள் ஒன்று. சாகுந்தலத்தில் அனசூயை, பிரியம்வதை என்னும் தோழியர் இருவர் வருகின்றனர். கதைக்கு ஒரு தோழி போதும். ஆனால் ஒருத்தி எதிர்கால நோக்கும் கவலையும் உடையவள்; மற்றொருத்தி இன்சொல்லும் விளையாட்டும் உடையவள். இருவருக்கும் இடையே சகுந்தலை நிற்கும்போதுதான், கவலையற்ற காதலுக்கும் அதன் விளைவுக்கும் இடையே அவள் நிற்பது நமக்குப் புலப்படுகிறது. கருத்தைக் கவிஞர் உரைக்கவில்லை. இரண்டு தோழியரை நிறுத்தி வைத்தார்.

இங்கு மொழிபெயர்ப்பாளர்க்கு ஓர் இடர் உண்டு. வடமொழி நாடகங்களில் அரசனும் அந்தணரும் வடமொழி பேசுவர். பெண்டிரும் எளியோரும் பாகதம் பேசுவர். சகுந்தலையும் பாகதமே பேசுகிறாள். மோதிரத்தைக் கண்டெடுத்த வலைஞனும் அவ்வாறே. ஒருவன் வாய் திறந்தவுடனே அவன் யார் என்பது அவையோர்க்கு விளங்கிவிடும். தமிழில் பெயர்க்கும்போது எல்லார்க்கும் ஒரே மொழிதான். அரசனின் தமிழும் வலைஞனின் தமிழும் எவ்வாறு வேறுபட வேண்டும் என்னும் வினா எழுகிறது. அடிகளாரின் தமிழ் யார் வாயிலும் செம்மாந்த தமிழாகவே நின்றது. இதனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் கதை எழுதியபோது இதே வினா மீண்டும் வந்தது.

பல்லாவரம்

பட்டப் படிப்பில் தமிழ் விருப்பப் பாடமாக்கப்பட்டதால் தமிழாசிரியர்க்கு இருந்த தேவை குறைந்தது. 1911இல் கல்லூரிப் பணியை விட்டு விலகினார். மனைவியும் மக்களும் உடைய ஒருவர் நிலையான ஊதியத்தை இழந்தார். அவ்வாண்டே சென்னை நகரை விட்டுப் பல்லாவரத்திற்குக் குடிபெயர்ந்தார். கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்தொடர் வண்டி ஓடத் தொடங்கியது 1931இல்தான். அதற்கு இருபதாண்டுகள் முன் பல்லாவரம் குன்றும் வயலும் சூழ்ந்த ஒரு புறநகர். அங்கே 1911 ஆகத்துத் திங்களில் துறவு மேற்கொண்டார். இல்லத்தாரோடு வாழ்ந்தபடியே துறவியாகவும் வாழ்ந்தார். சமரச சன்மார்க்க நிலையத்தை நிறுவி, அச்சகம் அமைத்து, தம் நூல்களையும் ஞானசாகரம் என்னும் இதழையும் வெளியிட்டார். ஊதியமின்றி எழுத்தையும் சொற்பொழிவையும் மட்டுமே நம்பிய வாழ்வு அது. நூல்கள் வாங்குவதில் மட்டும் அவர் கை சுருங்கவில்லை. அவர் சேர்த்த பல்லாயிரம் நூல்களைக் கொண்டே, அவர் மறைவுக்குப் பின் 1958இல், மறைமலையடிகள் நூல்நிலையம் சென்னையில் தோன்றியது.

1916இல் பல்லாவரத்து இல்லத் தோட்டத்தில் நிகழ்ந்ததாக வழிவழியாகச் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சி அனைவரும் அறிந்தது. மகள் நீலாம்பிகையுடன் உலவியபோது இராமலிங்க அடிகளாரின் பாடல் ஒன்றைப் பாடினார். அதில் உடலைக் குறிக்க வந்த வடசொல்லுக்குப் பதிலாகத் தமிழ்ச்சொல் வந்திருந்தால் ஓசை இன்னும் இனிதாக இருக்கும் என்று மகளிடம் கூறினார். அப்படியானால் நாம் இனிமேல் பிறசொல் கலவாமல் பேசவும் எழுதவும் வேண்டும் என்னும் உறுதி அங்கே பிறந்தது. சுவாமி வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். ஞானசாகரம் அறிவுக்கடல் ஆயிற்று. சமரச சன்மார்க்க நிலையம் பொதுநிலைக் கழகம் ஆயிற்று. முன்னர் எழுதிய நூல்களையும் மறுபதிப்புகளில் வடசொல் நீக்கித் திருத்தினார்.

ஒரு பேரியக்கத்தின் தொடக்கத்தில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி நிற்கிறாள் என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. நீலாம்பிகை அம்மையார் பின்னாளில் தனித்தமிழ்க் கட்டுரைகள் எழுதினார். 1937இல் வடசொல் தமிழ் அகரவரிசையை வெளியிட்டார். தந்தையின் கதையில் வந்துபோகும் துணைமாந்தராக அவரை நிறுத்திவிடுவது நம் குறை.

கோகிலாம்பாள் எழுதிய கடிதங்கள்

அடிகளார் இரண்டு புதினங்களை எழுதினார். முதலாவது 1911இல் வந்த குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி. ஆங்கிலப் புதின ஆசிரியர் ரெயினால்சு எழுதிய லைலா என்னும் கதையைத் தழுவியது. அக்காலத் தமிழர் பலர் ரெயினால்சின் கதைகளை விரும்பிப் படித்தனர். அந்த விருப்பத்தைத் தமிழ் நடைக்கும் நல்லொழுக்கத்திற்கும் பயன்படுமாறு திருப்ப முயன்றார் எனலாம்.

இரண்டாவதாகிய கோகிலாம்பாள் கடிதங்கள் 1921இல் வெளிவந்தது. இக்கட்டுரையின் நடுநாயகம் இந்நூலே. இளமையிலேயே கணவனை இழந்த பெண் ஒருத்தி, தான் காதலித்தவனுக்கு எழுதும் கடிதங்களாகக் கதை செல்கிறது. சாதியும் உறவினரும் வழக்கமும் அவள் விருப்பத்திற்குக் குறுக்கே நிற்கின்றன. கடித வடிவிலான புதினம் ஆங்கிலத்தில் 1740இல் ரிச்சர்ட்சனின் பமேலாவால் புகழ்பெற்றது. அவ்வடிவத்தின் சிறப்பு யாதெனில், ஆசிரியர் நடுவே நிற்க இடமில்லை. கதையைச் சொல்பவளும் துன்பப்படுபவளும் ஒருத்தியே.

கைம்மை பற்றி மேடையில் பேசுவது வேறு. அங்கே கைம்பெண் என்பவள் ஒரு பொருள். ஆடவர் சிலர் அவள் மணக்கலாம் என்பர், சிலர் கூடாது என்பர். கடிதத்தில் அவள் தன்மை இடத்தில் நிற்கிறாள். நான் என்று எழுதுகிறாள். துறவாடை உடுத்திய 45 வயது ஆண்மகன் ஒருவர், ஓர் இளங்கைம்பெண்ணின் காதலை அவள் கையெழுத்தாகவே எழுத முன்வந்தார் என்பது அக்காலத்தை எண்ணினால் சிறிய துணிவன்று. சைவம் பரப்பிய துறவிக்கு இது பொருந்துமோ என்னும் தயக்கம் அவரைத் தடுக்கவில்லை.

இதே ஆண்டுகளில் அவர் எழுதிய ஆய்வுநூல்களையும் உடன்வைத்துப் பார்க்க வேண்டும். 1923இல் வேளாளர் நாகரிகம் வெளிவந்தது. ஒரு குலத்தின் பெருமையை முன்னிறுத்தி வாதிடும் நூல் அது. சாதி வேற்றுமையைக் கண்டித்தும் அவர் நூல் எழுதியுள்ளார். எனினும் அவர் கட்டுரைகளில் இவ்விரு போக்கும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருந்தன. கோகிலாம்பாளிடம் அந்த மோதல் இல்லை. அவளுக்கு ஒரு குலத்தின் பழம்பெருமையை நிலைநாட்ட வேண்டிய தேவை கிடையாது. வாழ வேண்டும் என்பதே அவள் தேவை. ஆய்வாளர் தயங்கிய வாயிலை அவர் படைத்த பெண் கடந்து சென்றாள். கருத்தை மாந்தரிடம் ஒப்படைக்கும்போது, அம்மாந்தர் ஆசிரியரைவிடச் சிறிது தொலைவு முன்னே நடந்துவிடுவதுண்டு. இலக்கியம் ஆராய்ச்சியிலிருந்து வேறுபடும் இடம் இதுவே என்பது என் துணிபு.

குறையும் நிறையும்

ஆராய்ச்சியாளர் என்னும் முறையில் குறையைக் கூறாமல் விடுவது நேர்மையாகாது. கோகிலாம்பாளின் நெஞ்சம் அவளுடையது, மொழி அடிகளாருடையது. துயரத்தின் உச்சியிலும் அவள் எழுதுவது எழுவாயும் பயனிலையும் வழுவாத நீண்ட தனித்தமிழ்த் தொடர். சாகுந்தலத்தில் கண்ட அதே வினா இங்கே விடையின்றி நின்றது. எல்லா மாந்தர்க்கும் ஒரே குரல் அமைந்தால், அவர்கள் கருத்தின் ஊர்திகளாகத் தோன்றும் இடர் உண்டு.

இங்கு அ. மாதவையாவை ஒப்பிட்டுக் காணலாம். அவரும் கிறித்துவக் கல்லூரியில் பயின்றவரே. அவருடைய முத்துமீனாட்சி 1903இல் வெளிவந்தது. அதிலும் இளங்கைம்பெண் ஒருத்தியே தன் கதையைத் தான் சொல்கிறாள். அவள் பேச்சில் அடுக்களையின் வாடையும் மாமியார் வீட்டின் அச்சமும் உண்டு. மாதவையா தம் மொழியைக் குறைத்துக்கொண்டு அவளைப் பேசவிட்டார். அடிகளார் தம் மொழியை அவளுக்கு அணிவித்தார்.

ஆயினும் இக்குறைக்கு உள்ளேயே ஒரு நிறைவும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கைம்பெண்ணுக்கு வண்ணச்சேலையும் பூவும் மறுக்கப்பட்ட காலம் அது. தம்மிடம் இருந்தவற்றுள் மிக உயர்ந்தது எதுவோ, எதற்காகத் தம் பெயரையே மாற்றிக்கொண்டாரோ, அந்தத் தூய தமிழை அடிகளார் அவளுக்குக் கொடுத்தார். கலை நோக்கில் இது பிழையாகலாம். மதிப்பின் அடையாளமாகவும் கொள்ளலாம். இரண்டையும் ஒருசேரக் காண்பதே நடுநிலைத் திறனாய்வு.

அவரும் ஒரு மாந்தர்

அடிகளார் 1898 முதல் தம் இறுதிக்காலம் வரை நாட்குறிப்பு எழுதி வந்தார். அதனை ஆங்கிலத்தில் எழுதினார் என்பது பலர்க்கு வியப்பளிக்கும். தனித்தமிழின் தந்தை தம் நாளின் வரவு செலவையும் வருத்தத்தையும் பிறமொழியில் பதிந்து வைத்தார். இதனைச் சுட்டி அவரை எள்ளுவோர் உளர். மறைத்துக் காப்போரும் உளர். இரு சாராரும் அவரைப் பண்புநலன் பட்டியலாக ஆக்குவோரே. துறவியாகவும் இல்லத்தாராகவும் வாழ்ந்தவர், வடசொல்லை விலக்கியும் காளிதாசரை நேசித்தவர், குலப்பெருமை எழுதிய கையாலேயே சாதி கடந்த காதலை எழுதியவர் என்று அவரை முழுமையாகக் காண்போமானால், ஒரு பெரும் புதினத்தின் மாந்தரைக் காண்பது போன்ற உணர்வு உண்டாகின்றது. மாந்தரைப் படிக்கக் கற்றவர்க்கே மனிதரையும் படிக்க இயலும்.

1950ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15ஆம் நாள், 74ஆம் வயதில் அடிகளார் மறைந்தார்.

நிறைவாக

அந்த மாணவி வினவிய ஆண்டுக்குப் பின் என் வகுப்பில் பண்புநலன் பட்டியல் எழுதுவிப்பதை நிறுத்திவிட்டேன். தேர்வுக்கு அது வேண்டும் என்று கேட்போர்க்குத் தனியே எழுதிக் கொடுக்கின்றேன். வகுப்பு நேரத்தில் அதற்கு இடமில்லை. இம்மாந்தர் இல்லாவிட்டால் இந்நூலில் எந்தக் கருத்து சொல்லப்படாமல் போகும் என்னும் ஒரு வினாவை மட்டும் கரும்பலகையில் எழுதுகின்றேன். கோகிலாம்பாளை நீக்கிப் பார்த்தால், அடிகளாரின் நூல்வரிசையில் ஒரு பெண் தன் வாயால் தன் உரிமை கேட்கும் குரல் இல்லாமற் போகும். முல்லைப்பாட்டில் அந்த ஆய்மகளை நீக்கிப் பார்த்தால், அரசமாளிகைக்கு வெளியே நிற்பவர்க்கும் துயர் உண்டு என்னும் செய்தி இல்லாமற் போகும்.

வினா எழுப்பிய மாணவி படிப்பை முடித்து, இன்று ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாகப் பணியாற்றுகிறாள். அண்மையில் தாம்பரம் நிலையத்தில் கண்டபோது, தன் வகுப்பில் முல்லைப்பாட்டின் கதையைச் சொன்னதாகவும், அரசன் திரும்பி வந்தான் சரி, அந்தக் கன்றின் தாய் வந்ததா என்று ஒரு பிள்ளை கேட்டதாகவும் கூறினாள். பாட்டு அதனைச் சொல்லவில்லை. அவள் என்ன விடை சொன்னாள் என்று கேட்பதற்குள் வண்டி வந்துவிட்டது. அவள் பல்லாவரத்தில் இறங்க வேண்டியவள்.